அமெரிக்கக் கால்பந்து அணியான டெட்ராய்ட் லயன்ஸின் இளம் லைன்பேக்கர்களை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? ஆட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

பாரூர் ஏரி கேட்டது (ஜூன் 2025):

வணக்கம். சொந்த ஊர் பாரூர் பக்கம். ஓசூர் சிப்காட்டில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நாங்கள் செய்யும் பாகங்களில் பாதிக்கு மேல் டெட்ராய்ட் பக்கம்தான் போகின்றன. நான் இரண்டாம் ஷிப்ட்டில் இருக்கும் நாட்களில், சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கிருந்து வரும் போனை எடுப்பது என் பொறுப்பு. அவர்களுக்கு அப்போது காலை எட்டு மணி.

2023 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை. எப்போதும் பாகத்தின் எண், அளவு, கழிவு எத்தனை என்று நேரே விஷயத்துக்கு வரும் மனிதர், அன்று ஐந்து நிமிடம் லயன்ஸ் அணியைப் பற்றியே பேசினார். முந்தைய இரவு கான்சஸ் சிட்டிக்குப் போய், நடப்பு சாம்பியனையே 21க்கு 20 என்று சாய்த்திருந்தார்கள். 2008இல் 16 ஆட்டம் ஆடி 16லும் தோற்ற அணி இது என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அவருடைய சந்தோஷத்தின் கனம் எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து நானும் பார்க்கிறேன்.

அந்த சீசனின் முதல் பிளே ஆஃப் ஆட்டம் நமக்கு 2024 பொங்கல் அன்று காலையில் வந்தது. அம்மா வாசலில் அடுப்பு மூட்டி வைத்திருக்கிறார், கரும்பு சாத்தியிருக்கிறது, நான் திண்ணையில் போனோடு உட்கார்ந்திருக்கிறேன். எதிரணி ராம்ஸ். 24க்கு 23 என்று முடிந்தது. 32 வருடம் கழித்துக் கிடைத்த பிளே ஆஃப் வெற்றி. அம்மாவுக்கு ஆட்டம் ஒன்றும் தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு முதல் பொங்கலை எனக்குத்தான் வைத்தார்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரிகிறது. ஓடுகிறவர், பிடிக்கிறவர் எல்லாம் தெரிகிறது. ஆனால் அந்த ஊர் ரசிகர்கள் விடாமல் பேசுவது லைன்பேக்கர்களைப் பற்றி. ஜாக் கேம்ப்பெல், டெரிக் பார்ன்ஸ், மால்கம் ராட்ரிகஸ். "எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடுவான்" என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். நான் பார்க்கும்போது கேமரா பந்தோடு போய்விடுகிறது. இவர்கள் கடைசியில் குவியலுக்குள் இருந்து எழுந்து வருவது மட்டும்தான் தெரிகிறது. எந்த இடத்திலும் ஆடுவது என்றால் என்ன? அது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். அடுத்த சீசன் தொடங்குவதற்குள் கற்றுக்கொள்ள ஆசை.

---

பாலக்கோடு கவர் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. இதைக் கேட்க ஒருவர் வரமாட்டாரா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன்.

நான் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். விடிவதற்கு முன்பே எழும் பிழைப்பு, அதனால் அமெரிக்க ஆட்டம் பார்ப்பது எனக்குச் சிரமமாகவே இருந்ததில்லை. அதற்கு முன்னால் 14 வருடம் கபடி ஆடினேன். பொங்கல், மாரியம்மன் பண்டிகை என்றால் காரிமங்கலம், பென்னாகரம், அரூர் என்று விளக்கு கட்டின மைதானம் எல்லாம் சுற்றியிருக்கிறேன். நான் நின்ற இடம் ரைட் கவர். அந்த இடத்தில் நின்றவனுக்கு லைன்பேக்கரை யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால் அந்த வழியாகவே சொல்கிறேன்.

கபடியில் ரைடர் உள்ளே வருகிறான். கார்னரில் இருப்பவனுக்கு வேலை ஒன்றுதான், கால் வந்தால் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். கவருக்கு அப்படி இல்லை. ரைடர் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டப் போகிறானா, கார்னரைத் தொடப் போகிறானா, இல்லை என்னைத்தான் குறி வைத்திருக்கிறானா? கார்னர் பாய்ந்தால் நான் கூடவே மூட வேண்டும். அவன் பாயவில்லை என்றால் நான் பாயக் கூடாது. ரைடர் முதுகைத் திருப்பினால் டேஷ் போட்டு வெளியே தள்ள வேண்டும். எல்லாம் அரை நொடியில். அவசரப்பட்டால் மூன்று பேர் அவுட்.

லைன்பேக்கரும் இதே நிலையில்தான் நிற்கிறார். முன்னால் நான்கு பேர் கையூன்றி மல்லுக்கு நிற்பார்கள். பின்னால் நான்கைந்து பேர் பந்து பிடிப்பவர்களைக் காவல் காப்பார்கள். நடுவில் இரண்டு அல்லது மூன்று பேர். பந்து கிளம்பியதும் இது ஓட்டமா பாஸா என்று இவர் கண்டுபிடித்தாக வேண்டும். ஓட்டம் என்றால் முன்னால் ஓடி இடைவெளியை அடைக்க வேண்டும், பாஸ் என்றால் பின்னால் போய்ப் பிடிப்பவரோடு ஓட வேண்டும். இரண்டும் நேர் எதிர்த் திசை. தப்பான திசையில் இரண்டு அடி வைத்தால் போதும், அதற்குப் பிறகு எவ்வளவு வேகம் இருந்தும் பிரயோஜனமில்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்? பந்தைப் பார்த்து இல்லை. எதிரணியின் கார்டைப் பார்த்து. நடுவில் பந்தைக் கொடுக்கும் சென்டருக்கு இரு பக்கமும் நிற்கும் கனத்த ஆட்கள்தான் கார்டுகள். ஓட்டம் என்றால் கார்ட் முன்னால் பாய்ந்து ஆளை மோதுவார். பாஸ் என்றால் நிமிர்ந்து பின்னால் ஒரு அடி வாங்குவார், ஏனென்றால் பாஸ் போடும்போது அவர் பந்து கிளம்பும் கோட்டைத் தாண்டி ஒரு கெஜத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதியே இருக்கிறது. இன்னும் நுணுக்கமாகப் பார்ப்பவர்கள் பந்து கிளம்பும் முன்பே கார்ட் தரையில் ஊன்றிய கையைப் பார்ப்பார்கள். உடம்பின் பாரம் முழுக்க விரல்மேல் இறங்கி விரல் வெளுத்திருந்தால் முன்னால் வரப்போகிறார். கை சும்மா தரையைத் தொட்டுக்கொண்டிருந்தால் பின்னால் போகப்போகிறார். நான் ரைடரின் பின்னங்காலைப் பார்த்த மாதிரிதான். எந்த ரைடரும் முன்னங்காலால் பொய் சொல்லுவான், பின்னங்காலால் சொல்ல முடியாது.

சரி, எந்த இடத்திலும் ஆடுவது. அந்த இரண்டு மூன்று பேருக்குள்ளேயே தனித்தனி இடங்கள் உண்டு. நடுவில் நிற்பவர் மைக். எதிரணியின் டைட் எண்ட், அதாவது கோட்டின் ஓரத்தில் நின்று மோதவும் பந்து பிடிக்கவும் செய்பவர், எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக்காரர் சாம். மறுபக்கம் வில். சாம் பெரும்பாலும் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று டைட் எண்டோடு மோதுவார், சில சமயம் குவார்ட்டர்பேக்கையே துரத்துவார். வில்லுக்குத் திறந்த வெளி அதிகம், ஓடிப் பிடிக்கிற வேலை. மைக் எல்லாருக்கும் குரல் கொடுப்பவர். பழைய காலத்தில் ஒருவர் ஒரு இடத்திலேயே வாழ்க்கையை ஓட்டிவிடலாம். இப்போது எதிரணிகள் பந்து பிடிப்பவர்களை அதிகமாக இறக்குவதால், தடுக்கும் அணியும் ஐந்து காவல்காரர்களை இறக்கி நிக்கல் முறையில்தான் பெரும்பகுதி ஆடுகிறது. அப்போது களத்தில் இருக்கும் லைன்பேக்கர் இரண்டே பேர். மூன்று ஆள் வேலையை இரண்டு ஆள் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. எதிரணி ஆள் மாற்றினால்தான் நமக்கும் ஆள் மாற்ற நேரம் கிடைக்கும். அவர்கள் மாற்றாமல் வேகமாக அடுத்த பந்தை ஆரம்பித்துவிட்டால் உள்ளே இருப்பவர்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். உள்ளே ஓட்டத்தை மட்டும் தடுக்கத் தெரிந்த லைன்பேக்கர் ஒருவர் சிக்கிக்கொண்டால் நல்ல குவார்ட்டர்பேக் விடமாட்டார். அந்த ஒருவர் பக்கமே பந்தைப் போட்டு மைதானத்தின் மறுமுனை வரை போய்விடுவார்.

இப்போது உன் ஆட்களுக்கு வருகிறேன். டெரிக் பார்ன்ஸ், 55ஆம் எண். 2021 டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் தேர்வில், நான்காம் சுற்றில் எடுத்த பையன். பர்டியூ கல்லூரியிலேயே ஓரத்தில் நின்று குவார்ட்டர்பேக்கைத் துரத்தியும் ஆடியிருக்கிறார், நடுவிலும் ஆடியிருக்கிறார். 2024 ஜனவரியில் டாம்பா பே அணியோடு நடந்த ஆட்டம் பார்த்தாயா? நமக்குப் பின்னிரவு ஒன்றரைக்கு ஆரம்பித்தது. 31க்கு 23, கடைசி இரண்டு நிமிடம், பந்து பேக்கர் மேஃபீல்ட் கையில். ஒரு டச்டவுனும் (ஆறு புள்ளி) அதன்பின் முயலும் இரண்டு புள்ளியும் சேர்ந்தால் சமன். அப்போது குறுக்கே புகுந்து பந்தைப் பிடித்தது பார்ன்ஸ்தான். ஆட்டம் அத்தோடு முடிந்தது. அதே ஆளை 2024இல் சாம் இடத்துக்கு, கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். ஒரு சீசனில் பின்னால் ஓடிப் பந்தைப் பறித்தவர் அடுத்த சீசனில் முன்னால் நின்று மோதினார். குவார்ட்டர்பேக் இவரை எப்படிக் கணக்குப் போடுவார், சொல். வருவாரா, போவாரா என்று ஒவ்வொரு பந்துக்கும் யோசிக்க வேண்டும். எதிராளி யோசிக்கும் அந்தக் கணம்தான் தம்பி, ரசிகர்கள் கொண்டாடுவது.

மண்டிக்கு லோடு வந்துவிட்டது. ராட்ரிகஸ் பற்றி மதியம் எழுதுகிறேன்.

---

தொப்பூர் கணவாய் எழுதியது:

பின்னங்கால் விஷயம் அருமை அண்ணா. எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். ராட்ரிகஸ் சீக்கிரம்.

---

பாலக்கோடு கவர் எழுதியது:

வந்துவிட்டேன். மால்கம் ராட்ரிகஸ், 44ஆம் எண். உயரம் 5 அடி 11 அங்குலம்தான். ஜாக் கேம்ப்பெல் 6 அடி 5 அங்குலம். இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

ராட்ரிகஸ் ஓக்லஹோமாவில் பள்ளிக்கூடத்தில் ஆடியது குவார்ட்டர்பேக். கல்லூரிக்குப் போனபோது சேஃப்டி, அதாவது எல்லாருக்கும் பின்னால் நிற்கும் காவல்காரர். பிறகுதான் லைன்பேக்கர். பந்து போடுகிறவன் என்ன யோசிப்பான் என்று தெரியும், பின்னால் நிற்பவனுக்கு எது கஷ்டம் என்றும் தெரியும். 2022இல் ஆறாம் சுற்றில், 188ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். ஆறாம் சுற்றில் வருபவருக்கு இடம் உறுதியில்லை. அணியில் மொத்தம் 53 பேர்தான் இருக்க முடியும். இப்படி வரும் பையன்கள் கிக் ஆஃப், பண்ட் போன்ற, பந்தை உதைக்கும் தருணங்களுக்கான ஸ்பெஷல் டீம் வேலைகளில் உயிரைக் கொடுத்து ஓடித்தான் இடம் பிடிப்பார்கள். இவர் முதல் வருடமே லைன்பேக்கராகவும் முதல் பதினொன்றில் வந்துவிட்டார்.

அடுத்த வருடம் கேம்ப்பெல் வந்ததும் இவருக்கு லைன்பேக்கர் வாய்ப்பு குறைந்தது. வேறு யாராவது என்றால் முகம் சுருங்கியிருக்கும். 2023இல் அணியில் ஃபுல்பேக் பற்றாக்குறை வந்தபோது இவரை அங்கே நிறுத்தினார்கள். ஃபுல்பேக் என்றால் தாக்கும் அணியில், ஓடுபவருக்கு முன்னால் போய் வழி உடைக்கிற ஆள். தான் தினமும் மோதும் ஆட்களின் வேலையையே போய்ச் செய்தார். எங்கள் குழுவில் ரைடர் ஒருவனுக்குக் கால் பிசகியபோது, லெஃப்ட் கார்னரில் ஆடிய பையன் "நான் போகிறேன்ணா" என்று கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். அவன் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ராட்ரிகஸை ஃபுல்பேக்காகப் பார்த்தபோது அவன்தான் நினைவுக்கு வந்தான்.

---

அரூர் 49 எழுதியது:

எல்லாம் சரிங்க. ஆனால் லைன்பேக்கர் என்றால் எனக்கு சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃப்ரெட் வார்னர்தான். 2018இல் மூன்றாம் சுற்றில் 70ஆவதாக எடுத்தவர். நடுவில் நின்றுகொண்டே, பந்து பிடிக்கும் வேகக்காரர்களோடு ஆழம் வரை ஓடுவார். அதே மாதிரி மைக்கா பார்சன்ஸ். 2021இல் டல்லஸுக்கு வந்த முதல் வருடம் லைன்பேக்கராக நின்றார், ஓரத்து ஆட்கள் காயப்பட்டதும் ஓரத்துக்குப் போனார். 13 சாக் (குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு சாய்ப்பது), சிறந்த தடுப்பு ஆட்டப் புதுமுகம் விருது. பல இடத்தில் ஆடுவது என்றால் அவர்களைத்தான் சொல்ல வேண்டும். டெட்ராய்ட் பையன்கள் நல்ல பையன்கள்தான். அந்த உயரத்தில் வைக்க முடியாது என்பது என் கருத்து.

---

பாலக்கோடு கவர் எழுதியது:

தம்பி, வார்னரைப் பற்றி நீ சொன்னதில் ஒரு எழுத்தையும் மறுக்கமாட்டேன். வார்னர் கடவுள் கொடுத்த வரம். பார்சன்ஸும் அப்படித்தான். ஆனால் அது ஒரு ஆள். ஒரு ஆள் எல்லாம் செய்வது வேறு, மூன்று நான்கு பேர் ஒருவர் இடத்தில் ஒருவர் நிற்கத் தெரிந்திருப்பது வேறு. 2024 சீசனை எடுத்துக்கொள். மூன்றாவது வாரம் அரிசோனாவில் பார்ன்ஸுக்கு முழங்கால் போனது. நவம்பரில் ஜாக்சன்வில் ஆட்டத்தில் அலெக்ஸ் அன்சலோனுக்கு முன்கை உடைந்தது. அவர் இளையவர் இல்லை, இந்தப் பையன்களுக்கெல்லாம் மூத்தவர், 34ஆம் எண். அடுத்த பதினோராம் நாள், அமெரிக்காவின் நன்றி நாள் பண்டிகை ஆட்டத்தில் ராட்ரிகஸுக்கும் முழங்கால். இதற்கிடையில் ஓரத்தில் துரத்தும் ஏய்டன் ஹட்சின்சனுக்கு அக்டோபரிலேயே கால் முறிந்துவிட்டது. அப்படியும் அந்த அணி 15 வெற்றி, 2 தோல்வி என்று முடித்தது. 17 ஆட்டமும் ஆடிய கேம்ப்பெல் நடுவில் நின்றார். பக்கத்தில் நிற்கும் ஆள் மாறிக்கொண்டே இருந்தார். டிரெவர் நோவாஸ்கி என்று ஒரு பையன், மிச்சிகனிலேயே சின்னக் கல்லூரியில் படித்து, 2023 டிராஃப்டில் யாரும் எடுக்காமல் விட்டவர். அவர்கூட வந்து நின்றார். கபடியில் செயின் பிடித்து நின்றிருக்கிறாயா? பக்கத்துக் கை மாறினால் உடனே தெரியும். புதுக் கை எப்போது இழுக்கும், எப்போது விடும் என்று தெரியாமல் கால் தடுமாறும். கேம்ப்பெல் அந்த வருடம் முழுக்கப் புதுக் கைகளைப் பிடித்துக்கொண்டு ஆடினார்.

---

நோவி தருமபுரி எழுதியது:

வணக்கம் அண்ணா, தம்பிகளா. எனக்கு தருமபுரி நான்கு ரோடு பக்கம். ஒன்பது வருடமாக மிச்சிகனில் நோவியில் இருக்கிறோம். வீட்டுக்காரர் கார் கம்பெனியில் டிசைன் வேலை. ஃபோர்டு ஃபீல்டில் நேரில் பார்த்தவள் என்ற முறையில் பாரூர் தம்பி கேட்டதற்குக் கொஞ்சம் சொல்கிறேன். நேரில் பார்த்தால்தான் லைன்பேக்கர் தெரிவார். டிவியில் தெரியவே மாட்டார்.

2024 நவம்பர் 28, நன்றி நாள். 1934இலிருந்து அந்த நாளில் லயன்ஸ் ஆடுவது இங்கே வழக்கம். நடுவில் போர்க்கால வருடங்களில்தான் நின்றிருந்தது. நம்மூரில் பொங்கலுக்கு எருது விடுகிற மாதிரி, பாட்டி முதல் பேரன் வரை எல்லாரும் அதைச் சுற்றித்தான் சாப்பாட்டு நேரத்தையே வைப்பார்கள். வெளியே உடம்பு விறைக்கும் குளிர். ஃபோர்டு ஃபீல்டுக்கு மேற்கூரை இருப்பதால் உள்ளே போனதும் கோட்டைக் கழற்ற வேண்டியதுதான். எங்களுக்குக் கிடைத்தது ஆக மேல் வரிசை. மகன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனால் அங்கிருந்து 22 பேரும் தாயக்கட்டத்துக் காய் மாதிரி தெரிகிறார்கள்.

நான் 46ஆம் எண்ணை மட்டும் பார்த்தேன், ஜாக் கேம்ப்பெல். தடுக்கும் அணியில் ஒருவர் தலைக்கவசத்தில் மட்டும் பின்னால் பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். கோச் பேசுவது அந்த ஒரு கவசத்துக்குள்தான் கேட்கும். அடுத்த பந்துக்கு 40 நொடி இருக்கிறது என்றால், கடிகாரம் 15 நொடிக்கு வந்ததும் அந்தப் பேச்சும் துண்டித்துவிடும். அதற்குப் பிறகு எதிரணி இடம் மாறினால் அவரேதான் முடிவெடுக்க வேண்டும். அன்சலோன் இல்லாததால் அந்தப் பொறுப்பும் இந்த 24 வயதுப் பையன் தலையில். கூட்டம் கத்துகிற கத்தலில் பக்கத்து இருக்கைப் பேச்சே கேட்காது. அவர் முன்னால் போய், கையூன்றி நிற்கும் கனத்த ஆளின் இடுப்பில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். அந்த ஆள் தலையைத் திருப்பாமலே ஒரு அடி இடப்பக்கம் நகர்கிறார். கேம்ப்பெல் திரும்பிப் பக்கத்து லைன்பேக்கருக்குக் கை காட்டுகிறார். திரும்பவும் நடுவுக்கு வந்து முழங்காலை மடிக்கிறார். பந்து கிளம்புகிறது. கேமராவில் வந்தது அதற்குப் பிறகு நடந்தது மட்டும்தான்.

அன்றுதான் ராட்ரிகஸ் அடிபட்டதும். அந்த இடம் முழுக்க அடங்கிப்போனது. எங்களுக்கு முன்னால் 44ஆம் எண் சட்டை போட்டு ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டார், அவர் மகனுக்கு அடிபட்ட மாதிரி. லயன்ஸ் 23க்கு 20 என்று ஜெயித்தார்கள். ஆனாலும் வெளியே வரும்போது எல்லாரும் பேசியது அந்த முழங்காலைப் பற்றித்தான். இந்தப் பையன்களை ஏன் கொண்டாடுகிறார்கள் என்று தம்பி கேட்டாரே, எனக்கு அந்த அம்மா கைதான் பதில்.

இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். 2023 டிராஃப்டில் கேம்ப்பெல்லை 18ஆவதாக எடுத்தபோது டிவியில் பேசியவர்கள் பலர் திட்டினார்கள். லைன்பேக்கருக்கு முதல் சுற்றை வீணாக்கலாமா என்று. அவர் அதற்கு முந்தைய வருடம்தான் கல்லூரி அளவில் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது வாங்கியிருந்தார். அதே டிராஃப்டில் அவருடைய அயோவா கல்லூரித் தோழன் சாம் லபோர்ட்டாவையும் 34ஆவதாக லயன்ஸே எடுத்தார்கள். அவர் டைட் எண்ட். யோசித்துப் பாருங்கள், டைட் எண்டைக் காவல் காப்பதுதான் லைன்பேக்கருக்குக் கஷ்டமான வேலை. கல்லூரியிலிருந்து இன்றுவரை தினமும் பயிற்சியில் அந்த ஊரின் நல்ல டைட் எண்ட் ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டு பழகுகிறார்கள். பட்டறையில் ஒரே கல்லில் இரண்டு கத்தியைத் தீட்டிய மாதிரி.

---

தொப்பூர் கணவாய் எழுதியது:

அக்கா, அந்த இடுப்பில் தட்டுவது! அதை நான் டிவியில் பார்த்து ஏதோ உற்சாகப்படுத்துகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். இன்னொரு சந்தேகம். பயிற்சியாளர் மாறிவிட்டாரே, இனி இவர்களை இதே மாதிரி பயன்படுத்துவார்களா?

---

பாலக்கோடு கவர் எழுதியது:

தடுப்பு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஏரன் க்ளென் 2025 ஜனவரியில் நியூயார்க் ஜெட்ஸுக்குத் தலைமைக் கோச்சாகப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்திருப்பவர் கெல்வின் ஷெப்பர்ட். கவலைப்படாதே. அவர் லைன்பேக்கராகவே ஆடியவர், 2018இல் டெட்ராய்ட்டுக்கும் ஆடியிருக்கிறார். இந்தப் பையன்களுக்கு இத்தனை நாள் லைன்பேக்கர் கோச்சாக இருந்தவரும் அவர்தான். மார்ச்சில் பார்ன்ஸுக்குப் புது ஒப்பந்தமும் போட்டு விட்டார்கள். கவர் ஆடியவன் கோச்சானால் கவருக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது.

---

பாரூர் ஏரி எழுதியது:

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்துப் பதில் போடுகிறேன், காரணம் இருக்கிறது.

நேற்று ஞாயிறு. மாங்காய் சீசன் என்பதால் காலையில் அப்பாவோடு தோட்டத்தில் காய் பறித்துக் கூடை கட்டி அனுப்பிவிட்டு, மதியம் அக்கா போயிருந்த அந்த நன்றி நாள் ஆட்டத்தைத் திரும்பப் போட்டேன். எங்கள் கம்பெனியில் ஒரு பாகத்தைச் சோதிக்கும்போது எந்த அளவை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்து பார்க்க வேண்டும் என்று ஒரு தாள் இருக்கும். அதே மாதிரி நோட்டில் கோடு கிழித்துக்கொண்டேன். முதல் கட்டம், 46 எங்கே நிற்கிறார். இரண்டாவது, கார்ட் முன்னால் வந்தாரா பின்னால் போனாரா. மூன்றாவது, 46 எந்தப் பக்கம் முதல் அடி வைத்தார். பந்து எங்கே போனது என்பதைக் கடைசியாகத்தான் எழுதினேன்.

முதல் பத்துப் பதினைந்து பந்து ஒன்றும் பிடிபடவில்லை. நிறுத்தி நிறுத்திப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். அப்புறம் மெல்ல ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பித்தது. கார்ட் நிமிர்ந்தால் 46 பின்னால் நகர்கிறார். கார்ட் குனிந்து பாய்ந்தால் இவரும் முன்னால் வருகிறார். இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாத மாதிரி இருக்கிறது, ஒரு கயிற்றில் கட்டின மாதிரி. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எதைப் பார்க்கிறாய் என்றார். காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எருது விடும்போது கொம்பைப் பார்க்கிறவன் குத்து வாங்குவான், தோளைப் பார்க்கணும். இவன் தோளைப் பார்க்கிறான்" என்றார். அவர் வயதில் நிறைய எருதுகளுக்கு முன்னால் நின்றவர்.

ராட்ரிகஸ் அடிபடும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அக்கா சொன்ன அந்த அம்மா ஞாபகம் வந்துவிட்டது. மீதியை ராத்திரி பார்த்தேன்.

அண்ணா, ஒரே ஒரு விஷயம் புரியவில்லை. சில பந்துகளில் கார்ட் முன்னால் பாய்கிறார், ஓடுபவர் கையில் பந்தைக் கொடுக்கிற மாதிரி காட்டுகிறார்கள், ஆனால் கொடுக்கவில்லை, பாஸ் போட்டுவிடுகிறார்கள். 46 இரண்டு அடி முன்னால் வந்துவிட்டுத் திரும்பி ஓட வேண்டியிருக்கிறது. கார்டே பொய் சொன்னால் லைன்பேக்கர் யாரை நம்புவார்?

---

பாலக்கோடு கவர் எழுதியது:

அதன் பெயர் பிளே ஆக்‌ஷன். நீ அதை நீயாகவே கண்டுபிடித்திருக்கிறாய், எனக்கு ரொம்ப சந்தோஷம். கார்ட் பொய் சொல்லும்போது எவ்வளவு தாழ்வாக வருகிறார் என்று பார். நிஜ ஓட்டம் என்றால் தோள் கீழே போய் எதிராளியை நெட்டித் தள்ளிக்கொண்டே வருவார். பொய் என்றால் பாய்கிற மாதிரி வந்து, அந்த ஒரு கெஜம் ஞாபகம் இருப்பதால் கால் நின்றுவிடும், மார்பு நிமிர்ந்துவிடும். அந்த மார்பு நிமிர்வதைப் பார்த்ததும் லைன்பேக்கர் திரும்ப வேண்டும். அதே ஆட்டத்தை இன்னொரு முறை போட்டு, இந்த முறை 46ஐ விட்டுவிட்டு எதிரணிக் கார்டின் மார்பை மட்டும் பார். நோட்டில் நான்காவது ஒரு கட்டம் போட்டுக்கொள்.